ஒரு படத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு? மருத்துவப் படிமவியலில் முதுகலை படிக்க நினைப்பவர்களுக்கு

பிஎஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், எம்பிபிஎஸ் முடித்து எந்த மேற்படிப்பு என்று குழம்புபவர்கள், ரேடியாலஜி டெக்னீஷியனாக வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க விரும்புபவர்கள் என மூன்று தரப்பினருக்கும் ஒரு பொதுவான துறை உண்டு. எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், மேமோகிராம், ஆஞ்சியோகிராம், பெட் ஸ்கேன் எல்லாம் அதற்குள் வரும். அயனியாக்கும் கதிர்வீச்சைக் கொண்டு உடலுக்குள் பார்ப்பதுதான் அந்தத் துறை. "ஸ்கேன் படிப்பு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் உள்ளே போகும் வாசல் மூன்றும் வேறு வேறு. தவறான வாசலில் நுழைந்துவிட்டால் இரண்டு வருடமும் கட்டிய பணமும் போய்விடும். ஆகவே முதலில் வாசலைப் பார்த்துவிடலாம்.

மருத்துவர்களுக்கு எம்.டி. ரேடியோடயக்னோசிஸ், 3 ஆண்டு. நீட் முதுநிலைத் தேர்வு வழியாகச் சேர்க்கை. படத்தைப் பார்த்து நோயைச் சொல்வது இவர்கள் பொறுப்பு. கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பதில் ஆர்வம் என்றால் எம்.டி. நியூக்ளியர் மெடிசின் தனியாக இருக்கிறது. இயற்பியல் பட்டதாரிகளுக்கு எம்எஸ்சி மருத்துவ இயற்பியல். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம், கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம், வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆகிய இடங்களில் இது நடக்கிறது. கருவி சரியாக இயங்குகிறதா, எவ்வளவு கதிர்வீச்சு யாருக்குப் போகிறது என்று அளந்து சொல்வது மருத்துவ இயற்பியலாளரின் வேலை. மூன்றாவது, ரேடியோகிராபி அல்லது இமேஜிங் டெக்னாலஜியில் பிஎஸ்சி முடித்தவர்களுக்கான எம்எஸ்சி. நோயாளியைப் படுக்க வைத்து, கருவியை இயக்கி, படத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இவர்கள்.

மூவரும் ஒரே கட்டடத்தில்தான் வேலை செய்வார்கள். ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார முடியாது. எம்எஸ்சி மருத்துவ இயற்பியல் படித்தவர் ஸ்கேன் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. இதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அது என்ன அயனியாக்கும் கதிர்வீச்சு?

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகளுக்கு 2 முதல் 3 எலெக்ட்ரான் வோல்ட் அளவுதான் ஆற்றல். எக்ஸ்ரே துகளுக்கு அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு. அணுவில் இருக்கும் எலெக்ட்ரானைப் பிடுங்கி எறிய அது தாராளமாகப் போதும். அப்படிப் பிடுங்குவதுதான் அயனியாக்கம். உடம்புக்குள் அது நடக்கும்போது செல்லின் டிஎன்ஏவில் சேதம் வரலாம். பெரும்பாலும் செல் தானே சரிசெய்துகொள்ளும். சில நேரம் செய்யாது. அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும் இந்தக் கணக்கில் சேராது. ஒன்று ஒலி, மற்றொன்று காந்தப்புலமும் ரேடியோ அலையும். "எம்ஆர்ஐ எடுத்தா ரேடியேஷன் ஆகுமா?" என்று கேட்பவர்களுக்கு ஆகாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ராண்ட்ஜென் எக்ஸ்ரேவைக் கண்டுபிடித்தார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். நம் ஊரும் இதில் பின்தங்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இலேயே திறக்கப்பட்டது. 1971இல் லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாகச் சிடி கருவியில் படம் எடுத்தார்கள். அந்தக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அதன் கணிதத்தை முன்பே போட்டு வைத்திருந்த கார்மாக்குக்கும் 1979இல் மருத்துவ நோபல். இன்றைக்கும் சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில்தான் குறிக்கப்படுகிறது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மருத்துவரல்லாத ஒருவர் கார்மாக் போல இந்தத் துறைக்குள் வந்ததுதான் இயற்பியல் மாணவர்களுக்கு முக்கியம்.

முதல் கணக்கு

வகுப்பில் முதலில் இரண்டு அலகுகள் மனதில் பதிய வேண்டும். ஒரு கிலோ திசு எவ்வளவு ஆற்றலை உள்வாங்கியது என்பது கிரே. அந்தக் கதிர்வீச்சின் தன்மையையும், எந்த உறுப்பில் பட்டது என்பதையும் கணக்கில் எடுத்து, உடலுக்கு எவ்வளவு பாதிப்பு வாய்ப்பு என்று மதிப்பிடுவது சீவர்ட். படிமவியலில் பெரும்பாலும் மில்லிசீவர்ட்தான் பேச்சு.

இயற்கையாகவே நம் எல்லார் மீதும் கதிர்வீச்சு படுகிறது. மண்ணிலிருந்து, வானிலிருந்து, மூச்சிழுக்கும் ரேடான் வாயுவிலிருந்து. உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்திருப்பதால் அங்கே இன்னும் கூடுதல். இதோடு ஒப்பிட்டால் ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட்தான். அதாவது, சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே மூன்று நாளில் கிடைப்பது. தலைக்கு எடுக்கும் சிடி சுமார் 2. வயிற்றுக்கு எடுக்கும் சிடி 8 முதல் 10.

இங்கேதான் நிறையப் பேர் அதிர்ச்சி அடைவார்கள். ஒரு வயிற்றுச் சிடி ஏறக்குறைய 500 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம். "எல்லாம் ஸ்கேன்தானே" என்று ஒரே பையில் போட்டுவிட முடியாது.

சிடி எடுத்து முடிந்ததும் கருவியே ஒரு டோஸ் அறிக்கை தரும். அதில் டிஎல்பி என்று ஓர் எண் இருக்கும், மில்லிகிரே சென்டிமீட்டரில். பெரியவர்களுக்கு அதை வயிறு என்றால் 0.015ஆலும், மார்பு என்றால் 0.014ஆலும், தலை என்றால் 0.0021ஆலும் பெருக்கினால் தோராயமான மில்லிசீவர்ட் கிடைத்துவிடும். வயிற்றுச் சிடியில் டிஎல்பி 500 என்று வைத்துக்கொள்வோம். 500 × 0.015 = 7.5 மில்லிசீவர்ட். தலைக்கு ஏன் பெருக்கும் எண் இவ்வளவு சிறியது? கதிர்வீச்சுக்கு எளிதில் பாதிக்கப்படும் குடல், எலும்பு மஜ்ஜை, நுரையீரல் போன்றவை பெரும்பாலும் உடலின் நடுப்பகுதியில் இருப்பதால்.

இப்போது அதே நோயாளிக்கு மூன்று கட்டமாகச் சிடி எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மருந்து ஏற்றும் முன் ஒன்று, ஏற்றியவுடன் ஒன்று, சற்று நேரம் கழித்து ஒன்று. 7.5 மூன்று மடங்காகி 22.5 ஆகிவிடும். கல்லீரலில் கட்டியா என்று பார்க்க வேண்டுமானால் இந்தக் கட்டங்கள் தேவை. மருந்து எப்படி ஏறி இறங்குகிறது என்பதில்தான் விடையே இருக்கிறது. சிறுநீரகக் கல்லா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் மருந்தில்லாத ஒரே சுற்று, அதுவும் குறைந்த டோஸில், போதும். வித்தியாசம் 20 மில்லிசீவர்ட் வரை. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய ஆளை உருவாக்கத்தான் முதுகலைப் படிப்பு. பட்டனை அழுத்தக் கற்றுக்கொள்ள இரண்டு, மூன்று வருடம் தேவையில்லை.

நோயாளிக்கு உச்சவரம்பு கிடையாது

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்தபோது, எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தெரிந்தது இதுதான். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்டது. சுருக்கமாக ஏஇஆர்பி. கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்கு ஆண்டுச் சராசரி 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது அதன் விதி. பொதுமக்களுக்கு, அதாவது எக்ஸ்ரே அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு, ஆண்டுக்கு 1. சரி, நோயாளிக்கு எவ்வளவு?

வரம்பே இல்லை.

கவனக்குறைவால் விடுபட்டதல்ல, யோசித்தே விட்டிருக்கிறார்கள். விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் வருபவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். "இந்த வருஷம் உங்க அளவு முடிஞ்சிடுச்சு" என்று திருப்பி அனுப்ப முடியுமா? அதனால் உலக அளவில் நோயாளிக்கு வரம்புக்குப் பதில் இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறார்கள். இந்தப் படம் உண்மையிலேயே தேவையா? தேவை என்றால், விடை கிடைக்கிற அளவுக்கு மிகக் குறைந்த கதிர்வீச்சு எவ்வளவு? பாடப்புத்தகத்தில் இவை நியாயப்படுத்தல், உகப்பாக்கல் என்று வரும். விதி காப்பாற்றாத இடத்தில் படித்தவரின் தீர்ப்புத்தான் நோயாளியைக் காப்பாற்ற வேண்டும். இந்தப் படிப்பின் கனம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஆபத்து எவ்வளவு என்ற கேள்விக்கும் பொறுப்பாகப் பதில் சொல்லப் பழக வேண்டும். பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்புக் குழுவின் மதிப்பீடு ஒரு சீவர்ட்டுக்குத் தோராயமாக 5 சதவீதம். அதன்படி 10 மில்லிசீவர்ட்டுக்கு 2000இல் ஒரு பங்கு கூடுதல் வாய்ப்பு. ஆனால் 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே இந்த விளைவை மக்களிடையே நேரடியாக அளந்து காட்டுவது மிகக் கடினம். உயர்ந்த டோஸில் பார்த்ததை நேர்கோடாகக் கீழே இறக்கிப் போட்ட கணக்கு அது. பாதுகாப்புத் திட்டமிட அது நல்ல கருவி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு தனி ஆளிடம் "உங்களுக்குப் புற்றுநோய் வர இவ்வளவு வாய்ப்பு" என்று சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது.

படம் அழகானால் சந்தேகப்படுங்கள்

எக்ஸ்ரே குழாய்க்குள் செலுத்தும் மின்னாற்றலில் நூற்றில் 99 பங்கு வெறும் சூடாகப் போய்விடுகிறது. மீதி ஒரு பங்குதான் எக்ஸ்ரே. கேவியைக் கூட்டினால் ஊடுருவும் திறன் கூடும், ஆனால் கருப்பு வெள்ளை வேறுபாடு மங்கும். எம்ஏஎஸ்ஸைக் கூட்டினால் துகள்களின் எண்ணிக்கை கூடும். இதெல்லாம் டெக்னீஷியன்களுக்குக் கைவந்த பாடம். முதுகலையில் இதற்கு அடியில் இருக்கும் புள்ளியியலைப் படிக்க வேண்டும்.

எக்ஸ்ரே துகள்கள் மழைத்துளி மாதிரி தாறுமாறாகத்தான் வந்து விழும். ஓரிடத்தில் சராசரியாக 100 துகள் விழுந்தால் அதில் ஏற்ற இறக்கம் 10 வரை இருக்கும், அதாவது 10 சதவீதம். 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் இதுதான். இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமா? துகள்களை நாலு மடங்காக்க வேண்டும். அதாவது நோயாளிக்கு நாலு மடங்கு டோஸ். பளிச்சென்ற படத்துக்கு விலை கொடுப்பவர் படுத்திருப்பவர்.

பழைய பிலிம் காலத்தில் இதற்கு ஓர் இயற்கையான கடிவாளம் இருந்தது. டோஸ் அதிகமானால் பிலிம் கருத்துவிடும், தவறு எல்லார் கண்ணிலும் படும். டிஜிட்டல் வந்தபின் கணினியே வெளிச்சத்தைச் சரிசெய்துவிடுகிறது. டோஸ் குறைந்தால் படம் புள்ளிப்புள்ளியாகி மருத்துவர் குறை சொல்வார். கூடினால் படம் இன்னும் அழகாகும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார். விளைவு? "எதுக்கும் கொஞ்சம் சேர்த்தே வைப்போம்" என்று அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. இதைப் பிடிக்க ஒரே வழி, படத்தோடு வரும் எக்ஸ்போஷர் குறியீட்டு எண்ணைத் தொடர்ந்து பதிவு செய்து, மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். நல்ல புராஜெக்ட் தலைப்பு தேடும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், உங்கள் மருத்துவமனையின் ஆறு மாதப் பதிவேடு போதும்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் தீவிரம். பெரியவர்களுக்கு வைத்த அதே அளவில் ஐந்து வயதுக் குழந்தைக்குச் சிடி எடுத்தால், சின்ன உடம்பு என்பதால் உறுப்புகள் வாங்கும் டோஸ் பெரியவர்களைவிடக் கூடிவிடும். வளரும் செல்கள் எளிதில் பாதிக்கப்படும், வாழ வேண்டிய வருடங்களும் அதிகம். குழந்தைக்குத் தனி புரோட்டோகால் இருக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. பழைய சிடி, பிலிம், அறிக்கை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்து அடுத்த மருத்துவரிடம் காட்டுவதும் அப்படித்தான். பழையது கிடைக்கவில்லை என்பதற்காகவே திரும்ப எடுக்கப்படும் ஸ்கேனை, மாணவராக உங்களால் தடுக்க முடியாமல் போகலாம். நோயாளியால் முடியும்.

கர்ப்பம் தெரியாமல் எக்ஸ்ரே எடுத்துவிட்டால்?

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். படிப்பு முடித்து வேலைக்குப் போனதும் கண்ணீரோடு வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. வயிற்று எக்ஸ்ரேயில் சராசரி 1.4. இடுப்புச் சிடியில் சுமார் 25. கருவுக்குச் சென்ற டோஸ் 100 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கக் கூடாது என்று பன்னாட்டுக் குழு 2000ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. தெரியாமல் எடுத்த ஓர் எக்ஸ்ரேக்காகப் பயந்து தவறான முடிவெடுக்காமல் தடுக்க, அளவைக் கணக்கிட்டுக் கையில் எண்ணோடு பேசும் ஒருவர் வேண்டும். மருத்துவ இயற்பியலாளர் நோயாளியின் கண்ணில் பட மாட்டார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் போடும் கணக்குக்கு இணையில்லை.

இது அலட்சியத்துக்கு அனுமதி இல்லை. கர்ப்பமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஊழியர் கர்ப்பமாக இருந்தால், அதைத் தெரிவித்த நாளிலிருந்து கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி பணியை மாற்றித் தர வேண்டும் என்பது ஏஇஆர்பி விதி.

உங்கள் சட்டையில் ஒரு வில்லை

பயிற்சிக்குச் சேர்ந்ததும் டிஎல்டி பேட்ஜ் ஒன்று தருவார்கள். உள்ளே டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் இருக்கும். கதிர்வீச்சு பட்டால் அந்த ஆற்றலை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சூடாக்கினால் ஒளியாக வெளியே விடும். அந்த ஒளியை அளந்தால் உங்கள் டோஸ். மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், ஏப்ரன் வாங்கிய டோஸ் உங்கள் பெயரில் ஏறும்.

தூரம்தான் மலிவான பாதுகாப்பு. ஒரு மீட்டரில் இருப்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் டோஸ் கால்வாசி. மூன்று மீட்டர் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. கேத் லேபில் இருதய நோயாளியின் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருப்பதால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் கவனம் அதிகம் தேவை. குழாயைவிட, நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவதே அவர்களைத் தொடுகிறது. எக்ஸ்ரே அறைக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் கேட்பதும் இதே கணக்கில்தான். நியூக்ளியர் மெடிசினில் காலமும் கூட்டாளி. டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகும். ஒரு நாள் கழிந்தால் 16இல் ஒரு பங்கு. பெட் ஸ்கேனுக்கான ஃபுளோரின்-18 வெறும் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் அந்த மருந்தைத் தயாரித்த உடனே ஓட்டமும் நடையுமாகக் கொண்டு வருகிறார்கள்.

சரி, வேலை?

எம்எஸ்சி மருத்துவ இயற்பியல் முடித்தவுடன் நேராக வேலை என்று எண்ண வேண்டாம். வசதியுள்ள கதிர்வீச்சு சிகிச்சைத் துறை ஒன்றில் குறைந்தது 12 மாதப் பயிற்சி முடித்தால்தான் ஏஇஆர்பி மருத்துவ இயற்பியலாளராக ஏற்கும். அதன்பின் பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் தேர்வில் தேறினால் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஆகலாம். இயற்பியலில் எம்எஸ்சி முடித்துவிட்டவர்களுக்கு அந்த மையமே நடத்தும் ஓராண்டு டிப்ளமோவும் நல்ல வழி. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மருத்துவ இயற்பியலாளர் பணியிடங்கள் பெரும்பாலும் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுகளில்தான் இருக்கின்றன. படிமவியல் மட்டும்தான் பிடிக்கும் என்றால் வாய்ப்பு குறுகும். இரண்டையும் விரும்பிப் படிப்பவருக்குச் சிக்கலில்லை.

படிமவியல் பக்கம் வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு எக்ஸ்ரே, சிடி கருவிக்கும் ஏஇஆர்பி உரிமம் வேண்டும். அதற்கு ஈலோரா என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச்சோதனை கட்டாயம். நம் மாநிலத்தில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் சிடி, எம்ஆர்ஐ மையங்களை நடத்துகிறது. கருவிகள் பெருகப் பெருக, அவற்றை அளந்து பார்க்கும் ஆட்களும் வேண்டும். 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம் மருத்துவ இயற்பியலாளரையும் கதிரியல் தொழில்நுட்பரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

கல்லூரியில் சேரும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது, இந்தப் படிப்பை ஏஇஆர்பி ஏற்றுக்கொண்டுள்ளதா, 12 மாதப் பயிற்சி எந்த மருத்துவமனையில். முதல் இரண்டை அந்தந்தப் பல்கலைக்கழக, ஏஇஆர்பி இணையதளங்களில் நீங்களே சரிபார்க்கலாம். மூன்றாவதற்கு மருத்துவமனையின் பெயரைச் சொல்லாமல் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று பதில் வந்தால், முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.